சான்றாளர் சுற்று

நான்காம் சுற்றுக்குத் தேர்வாகியிருப்பதாக மின்னஞ்சல் வந்தபோது செண்பகவல்லி இன்னொருத்தருக்காக விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த இணையச் சேவைக் கடையில் அதுதான் அவள் வேலை. வாரிசுச் சான்றிதழ், காவலர் தேர்வு, ரேஷன் அட்டையில் பெயர் நீக்கல் என்று ஊர்க்காரர்களின் வாழ்க்கை முழுக்க அவள் விரல் வழியாகப் பதிவேறிப் போய்க்கொண்டிருந்தது. பொறியியல் முடித்த இரண்டு ஆண்டுகளில் தனக்காக அவள் போட்ட விண்ணப்பங்கள் தொண்ணூறைத் தாண்டிவிட்டன. பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வராது. வந்தால் 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று ஆரம்பிக்கும். அதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

வெண்தாரகை என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் மட்டும்தான் அவளை ஒவ்வொரு சுற்றாகத் தள்ளிக்கொண்டே போனது. முதல் சுற்றில் நாற்பது நிமிடம் புதிர்கள். இரண்டாவதில் கணினி உருவாக்கிய ஒரு பெண்முகம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டது. இவள் பதில் சொல்லி முடிக்கும்போதெல்லாம் அது ஒரே அளவாகப் புன்னகைத்தது. மூன்றாவது சுற்றுக்கு மதுரையில் ஒரு விடுதியில் இரண்டு நாள், முன்பின் தெரியாத பதினோரு பேரோடு உட்கார்ந்து, இல்லாத ஒரு மருத்துவமனைக்குத் திட்டம் போட்டார்கள். எல்லோரும் கத்தினார்கள். செண்பகவல்லி குறிப்பெடுத்தாள். நாற்பதாயிரம் பேரில் ஆரம்பித்தது இப்போது அறுபது பேராகச் சுருங்கியிருந்தது.

மின்னஞ்சல் சுருக்கமாக இருந்தது. 'இறுதிச் சுற்றுக்கு உங்களை மிக நன்றாக அறிந்த ஒருவரை அழைத்து வரவும். நாங்கள் அவரிடம்தான் பேசுவோம். உங்களிடம் பேச மாட்டோம்.'

அவளை நன்றாக அறிந்தவர் என்று சொல்ல மிச்சமிருந்தது அப்பா ஒருவர்தான். அம்மா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா சுடலைமுத்து அதே பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று முப்பது ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருப்பவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவரிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"நான் எதுக்குட்டி? உன் காலேஜ் சேக்காளி யாரையாச்சும் கூட்டிட்டுப் போயேன்" என்றார்.

"அவளுகளுக்கு என்னைப் பத்தி என்னப்பா தெரியும்? நாலு வருசம் பஸ்ஸுல போயிட்டு வந்தோம், அவ்வளவுதான்."

"எனக்குப் பேசத் தெரியாதே. அங்க போயி என்னத்தச் சொல்லுதது?"

"மனசுல என்ன இருக்கோ அதச் சொன்னாப் போதும்னு போட்டிருக்காங்க."

சுடலைமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. "வேற வழி இல்லையா?" என்று இன்னொரு முறை கேட்டார். இல்லை என்றாள். அவர் எழுந்து கை கழுவிவிட்டு, "எந்த ட்ரெயின்?" என்றார்.

சென்னைக்குப் போன பகல் ரயிலில்தான் அவள் ஒப்புதல் படிவத்தை முழுதாகப் படித்தாள். சான்றாளர் தலையில் ஒரு பட்டை அணிவிக்கப்படும் என்று அதில் இருந்தது. அவர் வாயால் சொல்லும் பதிலும், சொல்வதற்கு முன் மனத்தில் எழும் பதிலும் தனித்தனியே பதிவாகும். அந்தப் பதிவைக் கேட்டுப் பெறும் உரிமை சட்டப்படி விண்ணப்பதாரருக்கு உண்டு.

இரண்டாவது வரியைச் செண்பகவல்லி இன்னொரு முறை படித்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். அவர் வாட்சைப் பார்த்து, வண்டி எந்த நிலையத்தை எத்தனை மணிக்குக் கடக்கிறது என்று பழக்கதோஷத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்று அவர்களுக்கு நடுவே இருந்தது. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பன்னிரண்டாவது முடித்ததும் வடக்கே ஒரு பெரிய அறிவியல் நிறுவனத்தில் அவளுக்கு ஐந்தாண்டுப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அம்மா பக்கவாதத்தில் விழுந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இடத்தை உறுதிசெய்ய ஒரு எண் அப்பாவின் கைப்பேசிக்கு வரும், மாலை ஐந்து மணிக்குள் அதை உள்ளிட வேண்டும் என்றார்கள். அவள் அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா, "இன்னும் வரலட்டி, டவர் சரியில்ல போல" என்றார். ஐந்து மணி தாண்டியது. இடம் போயிற்று. ஆறு மணிக்கு டாக்டருக்குப் போன் போட அப்பாவின் கைப்பேசியை எடுத்தபோது, அழித்த செய்திகளின் பட்டியலில் அந்த எண் இருந்தது. காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கே வந்திருக்கிறது.

அவள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள். அடுத்த இரண்டு ஆண்டுகள் அம்மாவைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள். பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் படித்தாள். தனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரிந்தால் மனுஷன் உடைந்துபோவார் என்று நினைத்தாள். அதனால் அவள் எதையும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பட்டையை மாட்டினால் அது வெளியே வந்துவிடுமோ? வந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று அப்பா பயப்படுவாரே. இப்படி ஏதாவது கேட்பார்கள் என்றுதான் வரத் தயங்கினாரோ? பதிவைக் கேட்டு வாங்கவே கூடாது என்று அவள் ரயிலிலேயே முடிவு செய்துகொண்டாள்.

நிறுவனத்தின் காத்திருப்பு அறை குளிர்ந்து கிடந்தது. அவர்களுக்கு எதிரே திண்டுக்கல்லில் இருந்து வந்திருந்த அருளப்பன் என்ற பையனும் அவனுடைய அம்மா சவேரியம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். அருளப்பன் மூன்று சுற்றுகளிலும் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தவன். அதை அவன் சொல்லவில்லை, அவன் அம்மாதான் வந்த பத்தாவது நிமிடத்தில் சொன்னாள்.

தேர்வு அதிகாரி நிரஞ்சனா வந்து நால்வருக்கும் விளக்கினாள். முப்பத்தைந்து வயது இருக்கும், பேச்சு மெதுவாக இருந்தது.

"பயப்படாதீங்க. இது பொய்யைக் கண்டுபிடிக்கிற மிஷின் இல்ல. ஒரு கேள்வி கேட்டா மனசுல முதல்ல ஒரு பதில் வரும் இல்லையா, அதுக்கப்புறம்தான் நாம யோசிச்சு, நாகரிகமா மாத்திச் சொல்லுவோம். அந்த முதல் பதில் மட்டும் எங்களுக்குத் திரையில எழுத்தா வரும்."

"அப்ப நான் வாயத் திறக்கவே வேண்டாமா?" என்றாள் சவேரியம்மாள்.

"திறக்கணும்மா. நீங்க பேசினாத்தான் அது வேலை செய்யும்."

"விண்ணப்பம் போட்ட எங்களுக்கே இதை மாட்டலாமே, மேடம்?" என்று அருளப்பன் கேட்டான்.

"முன்னாடி மாட்டினோம். தன்னைப் பத்தித் தனக்கே தப்பாத்தான் தெரியுது எல்லாருக்கும். கூட இருக்கிறவங்களுக்குத்தான் சரியாத் தெரியுது."

முதலில் சவேரியம்மாள் போனாள். அரை மணி கழித்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னாச்சும்மா?"

"ஒண்ணுமில்லய்யா. இவன் எதுக்காவது எதிர்த்துப் பேசுவானான்னு கேட்டாங்க. எம்புள்ள தங்கமான புள்ளன்னுதான் வாயால சொன்னேன். ஆனா மனசுல அந்தப் பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம் வந்துருச்சுய்யா. நீ கலெக்டருக்கு எழுதிப் போட்டு அந்த ஹெட்மாஸ்டரை மாத்த வச்சியே, அது."

"அது நல்ல விஷயம்தானம்மா."

"அதைப் பாத்ததும் அந்தப் பொண்ணு என்னமோ எழுதிக்கிச்சு" என்று சொல்லிவிட்டுச் சவேரியம்மாள் அழ ஆரம்பித்தாள்.

அடுத்துச் சுடலைமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மகளைப் பார்க்காமல் நேராக உள்ளே போனார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. வெளியே வந்தபோது நெற்றியில் பட்டையின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"என்னப்பா கேட்டாங்க?"

"என்னென்னமோ கேட்டாங்க. சொன்னேன்" என்றார். ஊர் வந்து சேரும்வரை அவர் வாட்சையே பார்க்கவில்லை.

பத்தாம் நாள் முடிவு வந்தது. செண்பகவல்லி தேர்வாகியிருந்தாள். பணி: இறுதி ஒப்புதல் அலுவலர். கடைக்காரர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அருளப்பனிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. 'எனக்கு முன்னாடியே இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதுகூடப் பரவாயில்லை. தன்னாலதான் போச்சுன்னு அம்மா மூணு நாளா சரியாச் சாப்பிடல. என்ன சொல்லித் தேத்துறதுன்னு தெரியல.'

அப்பாவிடம் ஓடிப் போய்ச் சொன்னபோது அவர் வண்டி எண் எழுதிக்கொண்டிருந்தார். "நெசமாவா?" என்று கேட்டார். அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தாள். தட்டுப்படவில்லை. "கண்டிப்பாப் போகணுமாட்டி?" என்றார். ரெண்டு வருசம் காத்துக் கிடந்தது எதுக்கு என்று அவள் எரிச்சலோடு திரும்பி வந்துவிட்டாள்.

கையெழுத்திடும் நாளன்றும் அப்பா கூடவே வந்தார். கீழே டீக்கடையில் இருப்பதாகச் சொல்லி நின்றுகொண்டார். மேலே நிரஞ்சனா ஒப்பந்தத்தைப் பிரித்து வைத்துப் பேனாவைக் கொடுத்தாள். செண்பகவல்லிக்கு இரண்டு நாளாக ஒரே நினைப்புத்தான். அப்பா ஏன் சந்தோஷப்படவில்லை? உள்ளே அப்படி என்ன நடந்தது? வேண்டாம் என்று ரயிலில் எடுத்த முடிவு கரைந்துபோயிருந்தது.

"மேடம், எங்கப்பா பதிவை நான் பாக்கலாமா?"

நிரஞ்சனா நிமிர்ந்து பார்த்தாள். "உரிமை இருக்கு. ஆனா வேண்டாம்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்வேன். பார்த்தவங்க யாரும் நிம்மதியாப் போனதில்ல."

"பரவால்ல. குடுங்க."

நான்கு பக்கத் தாள். இடப்பக்கம் வாய்ப் பதில், வலப்பக்கம் மனப் பதில். முதல் இரண்டு பக்கங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மூன்றாம் பக்கத்தில் பிரிந்தன.

'உங்கள் மகளுக்கு நீங்கள் எப்போதாவது அநியாயம் செய்ததுண்டா?' வாய்: 'இல்லைங்க.' மனம்: 'அந்த நம்பரை அழிச்சேன். அவ அம்மாவைப் பாக்க ஆள் இல்ல. எனக்குத் தனியாச் சமாளிக்கத் தெரியல. அவ வாழ்க்கையை அழிச்சிட்டேன்.'

'அது அவருக்குத் தெரியுமா?' வாய்: 'தெரியாதுங்க.' மனம்: 'தெரியும். போனைத் திருப்பிக் குடுக்கும்போது அழிச்ச மெசேஜ் லிஸ்ட் தெறந்தே இருந்துச்சு. அன்னைக்கே தெரியும்.'

'தெரிந்தும் ஏன் கேட்கவில்லை?' வாய்: 'அவ நல்ல பிள்ளைங்க.' மனம்: 'கேக்க மாட்டா. என்னைக்காவது கேக்கணும்னு நானும் ஆறு வருசமாக் காத்துக் கெடக்கேன். அவ கேக்கவே மாட்டா.'

எழுத்துகள் கலங்கின. ஆறு ஆண்டுகளாக இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள், ஒருத்தருக்குத் தெரியக் கூடாது என்று இன்னொருத்தர் பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்காம் பக்கத்தைத் திருப்பினாள். அதில் நிறுவனத்தின் மதிப்பீடு இருந்தது.

'தாங்குதிறன்: நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. இழப்பை அறிந்தும் கேள்வி எழுப்பாத காலம்: ஆறு ஆண்டுகள். மிகவும் ஏற்றவர்.'

"இதுக்காகவா என்னை எடுத்தீங்க?"

நிரஞ்சனா தலையாட்டினாள். "உங்ககிட்ட மறைக்க ஒண்ணுமில்ல. ஒருத்தருக்கு சிகிச்சைப் பணம் கிடையாதுன்னு எங்க மிஷின் முடிவெடுத்தா, அதுல ஒரு மனுஷர் கையெழுத்து இருக்கணும்னு சட்டம். அந்தக் கையெழுத்துத்தான் உங்க வேலை."

"நான் படிச்சுப் பாத்து, தப்புன்னா மாத்தலாமா?"

"ஒவ்வொண்ணுக்கும் நாற்பது விநாடி நேரம். கேள்வி எழுப்பறதுக்கு ஒரு பட்டன் இருக்கு. யாரும் உங்களைத் தடுக்க மாட்டாங்க. ஆரம்பத்துல நல்ல மார்க் எடுத்தவங்களா எடுத்தோம். அவங்க எல்லாத்துக்கும் அந்தப் பட்டனை அமுக்கினாங்க. சில பேர் பத்திரிகைக்குப் போனாங்க. சில பேருக்கு உடம்பு கெட்டுப் போச்சு. ஆறு மாசம் யாரும் தாங்கல. அதுக்கப்புறம்தான் இந்தச் சுற்றைக் கொண்டுவந்தோம்."

செண்பகவல்லி பேனாவை மேசையில் வைத்தாள். "நான் யோசிச்சுச் சொல்றேன், மேடம்."

"தாராளமா" என்றாள் நிரஞ்சனா. பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவள்போல இழுப்பறையைத் திறந்தாள். "இதுவும் உங்களைப் பத்தி எங்களுக்கு வந்ததுதான். பார்க்கிற உரிமை உங்களுக்கு இருக்கு."

கோடு போட்ட தாளில் அப்பாவின் கையெழுத்து. நேர்முகத்துக்கு மறுநாள் தேதி போட்டிருந்தது. 'என் மகள் செண்பகவல்லியை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம். இப்படிக்கு, சுடலைமுத்து.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். முகம் சூடேறியது. தெரிய வேண்டாமாம். அன்றைக்கும் தெரிய வேண்டாம், இன்றைக்கும் தெரிய வேண்டாம். சற்று முன்னால் அவருக்காகத் துடைத்த கண்ணீர் இன்னும் கையில் ஈரமாக இருந்தது. அவள் எதுவும் யோசிக்கவில்லை. பேனாவை எடுத்து ஒப்பந்தத்தின் ஐந்து பக்கங்களிலும் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள்.

டீக்கடை பெஞ்சில் அப்பா இரண்டு பேருக்கு வடை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போட்டாச்சாட்டி?"

"இந்தத் தடவையும் எனக்குத் தெரியாமத் தடுக்கப் பாத்திருக்கீங்க, என்னப்பா?"

சுடலைமுத்து வடைத் தட்டைக் கீழே வைத்தார். ஆறு ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்த கேள்வி வந்துவிட்டது. ஆனால் அது அந்த எண்ணைப் பற்றி வரும் என்றுதான் அவர் காத்திருந்தார்.

"லெட்டரைக் காட்டிட்டாங்களா?"

"ஆமா. அன்னைக்கு அந்த நம்பரு, இன்னைக்கு இது. நான் ஒரு இடத்துக்கும் போயிரக் கூடாது, உங்க பக்கத்துலயே கெடக்கணும். அப்படித்தானே?"

"அது தப்புட்டி. அன்னைக்குப் பண்ணுனது தப்பு. அதுக்கு நான் உங்கிட்ட எப்படி மன்னிப்புக் கேட்டாலும் பத்தாது." அவர் குரல் இறங்கியது. "ஆனா இது அது இல்ல. ஒரு மணி நேரம் கேட்டாங்கட்டி. நீ என்ன படிச்ச, உனக்கு என்ன தெரியும்னு ஒண்ணுகூடக் கேக்கல. இவளை எவ்வளவு வச்சு அமுக்கலாம், எப்ப கத்துவா, கத்த மாட்டாளான்னு அதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. சந்தையில மாடு பிடிக்கிறவன் கேக்குத மாதிரி இருந்துச்சு. நான் ஒருத்தன் உன்ன அமுக்குனது பத்தாதான்னு தோணுச்சு. அதான் எழுதுனேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லப்பா?"

"எந்த வாயால சொல்லுவேன்?"

பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. அவர் எழுந்தார். "இப்பவும் ஒண்ணும் ஆகல. வா, மேல போயி வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருவோம்."

அவர் சொல்வது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் சொல்கிறார் என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"இனிமே நீங்க சொல்லி நான் எதையும் விட மாட்டேன்ப்பா" என்றாள்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் அவளுக்கு ஏழாவது மாடியில் ஒரு மேசை கொடுத்தார்கள். உள்நுழைந்ததும், அவளைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் கோப்பு திரையில் திறந்தது. படித்துவிட்டதாக ஒப்புதல் கொடுத்தால்தான் வேலையைத் தொடங்க முடியும், அதுவும் சட்டம்தான். மதிப்பெண்கள், மருத்துவச் சோதனை, அப்பாவின் நான்கு பக்கம், கோடு போட்ட தாளின் படம். எல்லாம் அவள் பார்த்தவை. கடைசியில் ஒரே ஒரு குறிப்பு மட்டும் புதிது. அவள் கையெழுத்துப் போட்டதற்கு முந்தின நாள் தேதியிட்டு, மதிப்பீட்டு இயந்திரம் எழுதியது.

'விண்ணப்பதாரர் தயங்கினால் மட்டும் தந்தையின் கடிதத்தைக் காட்டவும். கோபத்தில் கையெழுத்திடுவார்.'

அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரை எதிர்த்துச் செய்தது என்று இந்தப் பத்து நாளும் அவள் நினைத்திருந்தது அதைத்தான்.

அக்கம்பக்கத்து மேசைகளில் ஆண்களும் பெண்களும் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. அவள் 'படித்துவிட்டேன்' என்ற கட்டத்தைத் தொட்டாள். முதல் கோப்பு வந்தது. தேனி, ஐம்பத்தெட்டு வயது, சிறுநீரகம், விண்ணப்பம் நிராகரிப்பு. மூலையில் நாற்பது விநாடி இறங்க ஆரம்பித்தது. வலப்பக்கத்தில் கேள்வி எழுப்பும் பட்டன் இருந்தது. பளிச்சென்று, பச்சை நிறத்தில், யாரும் தொட்ட தடமே இல்லாமல்.

அவள் விரல் அதன் பக்கம் போனது. பன்னிரண்டு விநாடி மிச்சமிருக்கும்போது திரும்பி வந்து கையெழுத்துக் கட்டத்தில் உட்கார்ந்தது. அடுத்த கோப்பு வந்தது.

மத்தியானம் அப்பா கூப்பிட்டார். பின்னணியில் திருநெல்வேலி வண்டிக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டியாட்டி?"

"சாப்பிட்டேன்ப்பா."

"வேலை எப்படி இருக்கு?"

"நல்லாத்தான்ப்பா இருக்கு."

அவள் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்றும் ஒருவேளை அவருக்குத் தெரிந்திருக்கும்.

"சரிட்டி, வண்டி வந்துட்டு. வைக்கேன்" என்றார்.

அவரும் கேட்கவில்லை.